முப்பத்தேழு கிண்ணம்

அவன் பேரு கவலை. அப்பா அம்மா வெச்ச பேரு வேற, அது ஹால் டிக்கெட்ல மட்டும்தான் இருக்கு. புவி அமைப்பு அறிவியல்னு ஒரு டிகிரி, அதுல கடைசி வருஷம். அது என்ன படிப்புன்னு என்கிட்ட கேக்காதீங்க, அவன் வீட்டுலயே மூணு வருஷமா கேட்டுட்டுதான் இருக்காங்க. காத்து, கடல், பனி, மண்ணு, மரம் எதுவும் தனியா இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்குது, ஒண்ணை உருவினா எல்லாம் சரியும், அவ்ளோதான் படிப்பு. முதல் வருஷம் இதைக் கேட்டப்போ அவனுக்குப் புல்லரிச்சுது. ரெண்டாவது வருஷம் ராத்திரில தூக்கம் போச்சு. மூணாவது வருஷம் எதுவுமே ஆகல. எதுவுமே ஆகாம இருக்கறதுதான் ரொம்ப மோசம், அது அவனுக்கு அப்பத் தெரியல.

பேரு எப்படி வந்துச்சுன்னா, ரெண்டாவது வருஷம் கார்பன் க்ளாஸ்ல சார் ஒரு கிராஃபைப் போட்டாரு. அந்த டிபார்ட்மென்ட்ல எல்லா கிராஃபும் ஒரே மாதிரிதான் இருக்கும், இடது பக்கம் படுத்துக்கிடக்கும், வலது பக்கம் பேய் பிடிச்ச மாதிரி எழுந்து நிக்கும். இவன் கையைத் தூக்கி, "சார், இதை நிறுத்த முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க சார்"னு கேட்டுட்டான். சார் கடிகாரத்தைப் பாத்தாரு. "அது சிலபஸ்ல இல்லப்பா"ன்னாரு. க்ளாஸ் மூணு நாள் சிரிச்சுது. அதுல இருந்து கவலை.

வீட்டுல வேற மாதிரி. அப்பா பஸ் டிரைவர். ட்யூட்டி முடிச்சு வந்து ஷூவைக் கழட்டும்போதே ஆரம்பிச்சுடுவாரு. "என்ன விஞ்ஞானி, நாளைக்கு மழை உண்டா?"

"அது வேற படிப்புப்பா."

"ஏன், மழை பூமில பெய்யலையா?"

அக்கா உள்ள இருந்து கத்துவா. "விடுங்கப்பா, அவன் உலகம் என்னிக்கு முடியும்னு படிக்கறான். டேய், தேதி தெரிஞ்சா முன்னாடியே சொல்லுடா, ஆபீஸ்ல லீவு போடணும்!"

எல்லாரும் சிரிப்பாங்க, அவனும் சிரிப்பான். அப்புறம் ரூமுக்குப் போய் சுவத்தைப் பாத்துப் படுத்துப்பான். ஒண்ணும் இல்லம்மா, தலைவலின்னு சொல்லுவான்.

இப்ப கரண்டி. அவ இவனோட ப்ராஜெக்ட் பார்ட்னர். பைக்குள்ள எப்பவும் ஒரு சின்ன மண் கரண்டி இருக்கும், பஸ் ஸ்டாப்புல பள்ளம் தோண்டியிருந்தாக்கூட குனிஞ்சு ஒரு கொத்து எடுத்து மோந்து பாப்பா, அதான் பேரு. இவனுக்கு நேர் எதிர். அழணும்னா அழுவா, திட்டணும்னா திட்டுவா, அடுத்த நிமிஷம் வேலையைப் பாப்பா. வேற ஒரு ஊர்ல பெரிய ஆராய்ச்சிக் கூடத்துல மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைச்சிருந்துச்சு. ஒரே ஒரு நிபந்தனை, இந்த மாசக் கடைசிக்குள்ள டிகிரி முடிச்சிருக்கணும். டிகிரி முடியணும்னா ப்ராஜெக்ட் முடியணும். ப்ராஜெக்ட்னா சேறு.

ஊருக்குப் பின்னாடி இருந்த ஏரில போன வருஷம் படகுல போய், ஒரு ஒல்லியான பிளாஸ்டிக் குழாயை அடில சொருகி, நாப்பத்தெட்டு சென்டிமீட்டர் சேறு எடுத்தாங்க. மேல இருக்கறது அந்த வருஷத்து சேறு, கீழ போகப் போகப் பழசு. அடிச் சேறு யாரோட கொள்ளுத்தாத்தா காலத்துதோ. ஒரு ஒரு சென்டிமீட்டரா கேக்கு மாதிரி வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் பாதியை, எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்க வேற ஒரு லேபுக்கு அனுப்பியாச்சு. அது அங்கயே கரைஞ்சு போச்சு, திரும்பி வராது. மீதிப் பாதியைக் காய வெச்சு, சின்னச் சின்ன பீங்கான் கிண்ணத்துல போட்டு எரிக்கணும். செடி, பாசி, உசிரா இருந்தது எல்லாம் எரிஞ்சு போயிடும், சாம்பல் மிஞ்சும். எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாத்தா அந்தந்த வருஷம் ஏரி எவ்வளவு உசிரோட இருந்துச்சுன்னு தெரியும். அதுக்கு ஒவ்வொரு கிண்ணத்தையும் மூணு தடவை எடை போடணும். வெறும் கிண்ணம், சேத்தோட, சாம்பலோட. அவ்ளோதான் விஷயம். எல்.கே.ஜி. கழித்தல் கணக்கு.

வெறும் கிண்ணத்தை எடை போடறது கவலையோட வேலை. அவ பக்கத்து ரூம்ல காஞ்ச சேத்தைப் பொடிச்சுட்டிருந்தா. அந்தத் தராசு இருக்கே, அது ஒரு தராசே இல்ல, மாமியார். நாலு தசமம் காட்டும். மூச்சு விட்டா எண்ணு ஓடும், கதவைத் திறந்தா ஓடும், காரிடார்ல ஒருத்தன் செருப்பைத் தேச்சு நடந்தா ஓடும். ஒரு கிண்ணத்துக்கு நாலு நிமிஷம். அவன் நிதானமா, மூச்சைப் பிடிச்சு பதினொண்ணு முடிச்சான். பன்னெண்டாவதை வைக்கும்போது ஃபோன்ல ஒரு ஃபோட்டோ. ஜூனியர் ஒருத்தி அனுப்பினது. ஏரி. ஏரி இல்ல, ஏரி இருந்த இடம். லாரி லாரியா மண்ணு கொட்டி மட்டமாக்கியிருக்காங்க, குடோன் வரப்போகுதாம். ஓரத்துல ஒரு முழங்கால் அளவுக்குத் தண்ணி, அதுல ஒரு டயர்.

பக்கத்து ரூம்ல இருந்து கரண்டி ஓடி வந்தா, அவளுக்கும் வந்திருந்துச்சு. "டேய், ஏரியைக் காணோம்டா"ன்னா. அப்படியே சுவத்துல சாஞ்சு அழுதா. கொஞ்ச நேரம் அழுதுட்டு மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "இனிமே அந்தச் சேறுதான்டா ஏரி"ன்னு சொல்லிட்டுத் திரும்பப் பொடிக்கப் போயிட்டா.

இவன் அழல. தராசைப் பாத்தான். கடைசி இலக்கம் ரெண்டு, மூணு, ரெண்டு, நாலுன்னு ஆடிட்டே இருந்துச்சு. ஏரியே போயிடுச்சு, இதுல நாலாவது தசமம் எந்தப் பக்கம் போனா என்னன்னு தோணுச்சு. கிண்ணத்தை எடுத்து ஓரமா வெச்சான். நோட்டுல பன்னெண்டுக்கு நேரா 19.3318னு அவனே எழுதினான். அப்புறம் பதிமூணு. அப்புறம் பதினாலு. பத்தே நிமிஷம், முப்பத்தேழு நம்பர். பாத்தா அவ்ளோ அழகா இருந்துச்சு, நிஜமா எடுத்த பதினொண்ணைவிட நிஜமா.

அவன் அதை ஏமாத்துன்னு நினைக்கல, சத்தியமா நினைக்கல. எரிச்சு முடிச்சதும் சாம்பலைக் கொட்டிட்டு கிண்ணத்தைக் கழுவித் திரும்ப எடை போட்டா அதே எடைதானே வரும், அப்ப மாத்தி எழுதிக்கலாம். கிண்ணத்துலதான் நம்பர் எழுதியிருக்குமே, எங்க போகப்போகுது?

அன்னிக்குக் காலைலயே நம்பர் எழுதினது கரண்டி. அதுக்குன்னு லேப்ல ஒரு தனிப் பென்சில் உண்டு, சூட்டுல அழியாதது. அது லேப் அண்ணனோட அலமாரில இருந்துச்சு. தன் பொண்ணை ஸ்கூல்ல சேக்கறதுக்காக அண்ணன் அன்னிக்கு லீவு, சாவி அவர் பாக்கெட்ல. இவ பையைத் துழாவினா, ஒரு கறுப்பு மார்க்கர் கிடைச்சுது. நாப்பத்தெட்டுலயும் முத்து முத்தா எழுதினா. சேறு போட்டு அதோட எடையையும் குறிச்சு, ஃபர்னஸ்னு சொல்ற எரிக்கற அடுப்புல வெச்சு, ஐநூத்தம்பது டிகிரி போட்டுட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனாங்க.

மறுநாள் காலைல ஃபோன். "கவலை, சீக்கிரம் வா." அவ்ளோதான் சொன்னா.

போனா, மேஜை மேல ரெண்டு பெரிய கண்ணாடி ஜாடி, உள்ள அடுக்கடுக்கா கிண்ணம். எல்லாம் பளீர்னு வெள்ளை. ஒரு நம்பர் கிடையாது. முதல் வருஷப் பசங்களுக்கு ஃபர்னஸ் வேணும்னு லேப் அண்ணன் காலைலயே எல்லாத்தையும் வெளிய எடுத்து, கைக்கு வந்த வரிசைல அடுக்கியிருந்தாரு.

"யாரும்மா மார்க்கர்ல எழுதினது?"ன்னாரு அண்ணன். "ஐநூத்தம்பது டிகிரில மார்க்கர் நிக்குமா?"

"பெர்மனென்ட்னு போட்டிருந்துச்சுண்ணே."

"போட்டிருப்பான். அவன் ஃபர்னஸ்லயா வெச்சுப் பாத்தான்? உங்களுக்கெல்லாம் கதவுல எழுதி ஒட்டணும். ஒட்டினாலும் படிக்கவா போறீங்க." சொல்லிட்டு அவ மூஞ்சியைப் பாத்தாரு, நிறுத்திக்கிட்டாரு. டீ வாங்கிட்டு வரேன்னு போயிட்டாரு.

கரண்டி தரைல உக்காந்துட்டா. "நான்தான்டா. என்னாலதான். உன் ஒரு வருஷத்தையும் சேத்து எரிச்சுட்டேன்."

"சீ, விடு. யாருக்கு வேணா ஆகும்"னான்.

சொல்லும்போதே உள்ள ஏதோ லேசான மாதிரி இருந்துச்சு. என்னன்னு யோசிச்சான். நிம்மதி! எல்லாமே நாசமாப் போயிடுச்சுன்னா, அந்த முப்பத்தேழைப் பத்தி இனிமே யாரும் கேக்கப்போறதில்ல. அவ தரைல உக்காந்து அழறா, இவனுக்கு நிம்மதி. தன்னை நினைச்சா அவனுக்கே அசிங்கமா இருந்துச்சு. ஆனாலும் நிம்மதியாத்தான் இருந்துச்சு.

திடீர்னு அவ எழுந்தா. கண்ணு அகலமா. "டேய். வெறும் கிண்ணம்."

"என்ன?"

"வெறும் கிண்ணம்டா! ஒண்ணு ஒண்ணும் வேற எடைல்ல? நாலு தசமம் எடுத்திருக்கேல்ல நீ? ரெண்டு கிண்ணத்துக்கு ஒரே எடை வரவே வராதுடா. சாம்பலோட எடையைக் குறிச்சுக்கிட்டு, கொட்டிட்டு, வெறும் கிண்ணத்தை எடை போட்டு உன் நோட்டைப் பாத்தா எது எந்த நம்பர்னு தெரிஞ்சுடும்!" அவன் ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்கினா. "தெய்வமே! ரெண்டு தசமம் போதும்னு நான் சொன்னேன், நீதான் கேக்காம உக்காந்து எடுத்தே. சேத்து மேடம் உனக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்டா!"

சேத்து மேடம்னா அவங்க ப்ராஜெக்ட் கைடு, ஏரிச் சேறுதான் அவங்களுக்குப் பாடம். கரண்டி உடனே அவங்களுக்கு ஃபோன் போட்டா. "மேடம், ஒரு பெரிய தப்பு நடந்துச்சு, ஆனா கண்டுபிடிச்சுட்டோம் மேடம், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுவோம்." அடுத்து அவ அம்மாவுக்கு. "ஒண்ணும் இல்லம்மா, தப்பிச்சோம். கவலை இருக்கான்ல, அவனாலதான்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தான். அவ நோட்டை அவன் கைல திணிச்சு, "நீ படி, நான் எடை போடறேன்"னா. வாயை மூடிக்கிட்டான்.

முதல் கிண்ணம். சாம்பலைப் பொட்டலத்துல கொட்டி, பிரஷ்ஷால துடைச்சு, தராசுல வெச்சா. நோட்டுல அந்த எடையே இல்ல. "சரி, ஓரமா வை"ன்னான். ரெண்டாவது, இல்ல. மூணாவது, 18.2046. இவன் நோட்டைப் பாத்தான், 18.2047.

"நாலாம் நம்பர்"னான்.

"வந்துடுச்சு! பாத்தியா!" அவ சின்னப் புள்ள மாதிரி குதிச்சா. குதிச்சதுல தராசு ஓடிச்சு, அதைப் பாத்து இன்னும் சிரிச்சா.

இருபது கிண்ணம் ஆச்சு. பொருந்தினது அஞ்சு. அவ சிரிப்பு நின்னு போச்சு. "சாம்பல் ஒட்டியிருக்குமோ?" திரும்பத் துடைச்சா. "தராசு தப்புக் காட்டுதோ?" லேப் அண்ணன் வந்து, எடைக்கல்லை வெச்சுப் பாத்தாரு. "மிஷின் சுத்தமா இருக்கும்மா. நீங்கதான் ஏதோ சொதப்பியிருக்கீங்க."

"நான்தான் பிரஷ்ல சரியாத் துடைக்கலபோல"ன்னா. எதுன்னாலும் தன் தலைல போட்டுக்கறா. இவன் நோட்டை இன்னும் கிட்ட இழுத்துக்கிட்டான்.

அடுத்த கிண்ணம் 19.0522. நோட்டுல பதினேழாவதுக்கு 19.0571ன்னு இருந்துச்சு. இவன் அன்னிக்குக் கண்ணை மூடிட்டு எழுதினதுல ஒண்ணு, தற்செயலா கிட்ட வந்திருக்கு.

"பதினேழு"ன்னான். குரல் நடுங்கல, அதுதான் அவனுக்கே ஆச்சரியம். "கொஞ்சம்தான் வித்தியாசம். பதினேழாத்தான் இருக்கும்."

அவ பதினேழுன்னு எழுதப் போனா. பேனா நின்னுச்சு. "மத்ததெல்லாம் கடைசி இலக்கம்தானேடா மாறுச்சு. இது மட்டும் ஏன் இவ்ளோ தள்ளி?" நோட்டை அவன் கைல இருந்து வாங்கினா. பொருந்தினதை ஒவ்வொண்ணா விரலால தொட்டா. "நாலு. ஒன்பது. ரெண்டு. பதினொண்ணு. ஆறு." பக்கத்தைத் திருப்பினா. திரும்ப முன்னாடி வந்தா. வெளிய யாரோ கிரிக்கெட் ஸ்கோர் கத்திட்டுப் போனாங்க.

"பன்னெண்டுல என்னடா ஆச்சு?"ன்னா.

மெதுவாத்தான் கேட்டா. திட்டியிருந்தா ஏதாவது பொய் சொல்லியிருப்பான்.

"ஃபோட்டோ வந்துச்சுல்ல. அந்த ஏரி ஃபோட்டோ. அப்புறம் நான் எடுக்கல. நானே எழுதிட்டேன்."

"முப்பத்தேழும்?"

"ம்."

"எவ்ளோ நேரம் ஆச்சு எழுத?"

"பத்து நிமிஷம். கழுவிட்டுத் திரும்ப எடுத்து மாத்திடலாம்னுதான் நினைச்சேன் கரண்டி, சத்தியமா. நம்பர் இருந்திருந்தா..."

"ஏன்டா?"

"என்ன பண்ணி என்ன ஆகப்போகுதுன்னு தோணுச்சு. ஏரியே போயிடுச்சு. எல்லாமே போகுது. நம்ம இங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நாலாவது தசமம் பாத்துட்டிருக்கோம்."

"ஏரி போச்சுன்னு நானும்தான் அழுதேன். அழுதுட்டு உள்ள போய் சேத்தைப் பொடிச்சேன். நீ பக்கத்து ரூம்ல உக்காந்து கதை எழுதிட்டிருந்தியா?"

அவன் சொன்னது வேற. இப்ப வரைக்கும் அது எப்படி தன் வாய்ல இருந்து வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. "சாம்பல் கலர் பாரேன். சிலது வெளுப்பா இருக்கு, சிலது செம்மண் மாதிரி. கலர்படி வரிசையா வெச்சா கிட்டத்தட்ட சரியாத்தான் வரும். கிராஃபு அழகா வரும். யாருக்கும் தெரியாது. உன் சீட்டு..."

அவ அவனைப் பாத்தா. கோபம்கூட இல்ல. தெரியாத ஒருத்தன் பஸ்ல பக்கத்துல வந்து உக்காந்தா பாப்போமே, அப்படி.

"நீ இன்னும் நிறுத்தலையாடா?"

மேடம் ரூமுக்கு ரெண்டு பேரும் போனாங்க. நானே சொல்லிக்கறேன்னு இவன் சொன்னான். "மார்க்கர் நான்தானே, நானும் வரேன்"னா அவ. மேடம் பேப்பர் திருத்திட்டிருந்தாங்க, கண்ணுக்குக் கீழ கறுப்பு, பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட். இவன் எல்லாத்தையும் சொன்னான், ஒண்ணு விடாம. மேடம் சிவப்புப் பேனாவை மூடி வெச்சாங்க.

"சேறு மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம்."

"சரி, ஒரு நாள் ஏரிக்குப் போய் திரும்ப..." மேடம் பாதிலயே நிறுத்திட்டாங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"பதினொரு நம்பரை வெச்சு ப்ராஜெக்ட் ஆகாது"ன்னாங்க அப்புறம். "எழுதிக் குடுத்தாலும் கமிட்டில நிக்காது. அடுத்த வருஷம் புதுசா எடுங்க."

"மேடம், தப்பு என்னோடது மட்டும்தான் மேடம். வெறும் எடை சரியா இருந்திருந்தா மார்க்கர் ஒரு விஷயமே இல்ல. அவளை மட்டும் பாஸ் போடுங்க மேடம். என்னை என்ன வேணா பண்ணுங்க."

"தெரியுதுப்பா. ஆனா ப்ராஜெக்ட் ரெண்டு பேர் பேர்ல பதிவாகியிருக்கு. நான் பிரிக்க முடியாது." கரண்டியைப் பாத்தாங்க. "அந்த இடத்துக்கு நான் ஒரு மெயில் போட்டுப் பாக்கறேம்மா. ஆனா ஒரு வருஷம் வெச்சிருக்க மாட்டாங்க. உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம்"னா. "தேங்க்ஸ் மேடம்"னுகூட சொன்னா.

வெளிய வந்ததும் அவ வீட்டுக்குப் போவான்னு நினைச்சான். அவ நேரா லேபுக்குப் போனா. மிச்சம் இருந்த கிண்ணத்தை எடுத்து, ஒவ்வொண்ணா எடை போட ஆரம்பிச்சா.

"எதுக்கு? இனிமே எதுக்கும் ஆகாதே"ன்னான்.

"பதினொண்ணு நிஜமா எடுத்தேன்னு சொன்னேல்ல. அதுல அஞ்சுதான் கிடைச்சிருக்கு. மீதி ஆறு இதுக்குள்ளதான் இருக்கு."

"நான் நோட்டு பிடிக்கவா?"

"வேணாம்."

"கரண்டி..."

"பேசாத. தராசு ஓடுது."

அவன் கதவுகிட்டயே நின்னான். உள்ள போகவும் முடியல, போயிடவும் முடியல. மூச்சைக்கூட மெல்ல விட்டான். அவ அவசரமே படல. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நாலு நிமிஷம், முதுகு நேரா, கண்ணு அந்த எண்ணு மேலயே. மத்தியானம் மூணரைக்கு ஆறாவதும் கிடைச்சுது. பதினொரு பொட்டலத்துலயும் பென்சிலால நம்பர் எழுதினா. ஒரு டப்பாவுல அடுக்கினா, நோட்டுல அந்தப் பதினொண்ணு இருந்த முதல் பக்கத்தை மட்டும் கிழிச்சு அதுக்குள்ள மடிச்சு வெச்சா. பையை மாட்டினா. அவனைத் தாண்டித்தான் போகணும். ஒதுங்கி வழி விட்டான். போயிட்டா. படில செருப்புச் சத்தம் ரெண்டு மாடி வரைக்கும் கேட்டுச்சு.

மேஜைல முப்பத்தேழு பொட்டலம் மிச்சம் இருந்துச்சு. வெள்ளைக் காயிதத்துல, நம்பர் இல்லாம. பக்கத்துல முப்பத்தேழு கிண்ணம், பொருந்தின பதினொண்ணு தனியா ஓரத்துல.

லேப் அண்ணன் துடைப்பத்தோட வந்தாரு. "கிண்ணத்தை எல்லாம் கழுவி வெச்சுடுப்பா, காலைல முதல் வருஷத்துக்கு வேணும்"னாரு. அப்புறம் பொட்டலத்தை ஒண்ணு கைல எடுத்து, ஆட்டிப் பாத்தாரு. "இது எல்லாம் என்ன, குப்பைதானே?"

கவலை அதைப் பாத்தான். அதுல எது அடி, எது நடு, எந்த வருஷம் மழை கொட்டுச்சு, எந்த வருஷம் காஞ்சு கிடந்துச்சு, இனிமே யாராலும் சொல்ல முடியாது. அவனுக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு, ஒரு வருஷமா வராதது, மூக்கு எல்லாம் ஒழுகி, சத்தமா. அண்ணன் பதறிப்போய்த் துடைப்பத்தைக் கீழ போட்டாரு. "ஏய், என்னப்பா, என்ன ஆச்சு இப்ப? வேணும்னா வெச்சுக்கோயேன், நான் என்ன பிடுங்கிட்டா போறேன்?"

"இல்லண்ணே"ன்னான். "குப்பைதான்."

அண்ணன் கூடையை இழுத்து மேஜை விளிம்புக்கு வெச்சாரு. கவலை ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டான். அப்புறம் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு குழாயைத் திறந்தான்.